டெங்கில் புற்று

மாலை ஏழு மணி. டெங்கில் டவுனைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு விளக்கு கிடையாது. பாதை முடிகிற இடத்தில் ஒரே ஓர் ஆள் நிற்கிறார்... கையில் கற்பூரமும் தீப்பெட்டியும்.

பயப்படாதீர்கள், அவர் பேய் இல்லை. என் தோழி தாமரையின் வீட்டுக்காரர். பெயர் யுகேந்திரன். கிள்ளானில் வீடு. எக்ஸ்கவேட்டர் ஓட்டுவது வேலை.

"மலர் அக்கா, அந்த மெழுகுவத்திய இந்தப் பக்கம் நகத்துங்க லா," என்றாள் வாணி.

நாளைக் காலையில் அவளுக்குக் கல்யாணம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாக்குக்கே கரண்ட் போய்விட்டது. மருதாணி காயும் வரை கையை அசைக்கக் கூடாது, தூக்கமும் வரவில்லை, ஒரு பேய்க் கதை சொல்லுங்கள் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். கல்யாண வீட்டில் சொல்லக் கூடாத கதைதான். கல்யாணப் பெண்ணே கேட்டால் என்ன செய்வது? அவள் தம்பி ராஜன் தாம்பூலப் பைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தான். பேயாவது பிசாசாவது என்று சொல்லிக்கொண்டே எங்களோடு ஒட்டி ஒட்டி உட்கார்ந்தான்.

சரி, கேளுங்கள்.

யுகேந்திரனுக்கு ஒரு பழக்கம். எந்த நிலத்தில் மெஷினை இறக்கினாலும் முதலில் தேங்காய் உடைப்பார், கற்பூரம் கொளுத்துவார். அவர் பிறந்த எஸ்டேட்டில் ஒரு கோயில் இருந்தது. நிலம் கம்பெனியுடையது, கோயில் மட்டும் எப்படி உங்களுடையது என்று கேட்டு, ஒரு நாள் காலையில் வந்து இடித்துவிட்டார்கள். இடித்த மெஷினை ஓட்டியவனும் நம் ஆள்தானாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் இடித்தான் என்று இன்றைக்கும் சொல்லுவார். தானும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு பயம். நல்ல மனுஷன். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

டெங்கில் பக்கம் கிடைத்த வேலை, ஒரு நிலத்தைச் சமப்படுத்துவது. வீடுகள் வரப் போகின்றன. இவர் போவதற்கு முன்பே வேறு ஆட்கள் மரங்களை வெட்டித் தள்ளியிருந்தார்கள். லோரி லோரியாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டி முக்கால்வாசி இடத்தை மூடியும் விட்டார்கள். டுரியான் பழமரத்து அடிக்கட்டைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன. யார் வைத்த மரம் என்று அவர் கேட்கவில்லை. கூலிக்கு வந்தவர் கேட்பாரா?

ஒரு மூலையில் மட்டும் மண் கொட்டாமல் ஒரு மேடு மிச்சம் இருந்தது. இடுப்பு உயரத்துக்குக் கறையான் கட்டிய புற்று. செக்கச் சிவந்த மண். அதன் முன்னால் ஒரு எனாமல் கிண்ணம், பல் உடைந்த சீப்பு, கையகல முகம் பார்க்கும் கண்ணாடி.

நீங்களே சொல்லுங்கள், நம் ஆட்கள் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

"அம்மன்," என்றாள் வாணி உடனே.

அதேதான். புற்று இருக்கிறது. பால் ஊற்றக் கிண்ணம் இருக்கிறது. அம்மனுக்கு வைக்கிற சீப்பும் கண்ணாடியும் இருக்கின்றன. பழைய எஸ்டேட் ஆட்கள் யாரோ கும்பிட்டிருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். மெஷினை விட்டு இறங்கிச் செருப்பைக் கழற்றினார். சூப்பர்வைசரிடம் போய், "பாஸ், அந்த எடத்த நான் தொட மாட்டேன். அங்க சாமி இருக்கு," என்றார். திட்டு விழும் என்றுதான் போனார். சூப்பர்வைசரோ சிரித்தார். "தாராளமா கும்பிடு லா. நல்லா பெருசாவே கும்பிடு," என்றாராம். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலை மற்றவர்கள் போன பிறகு புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றினார். கிண்ணத்தில் பால் ஊற்றி, பக்கத்தில் ஒரு முட்டை வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை... பால் இல்லை. முட்டை இல்லை. துணி அவிழ்ந்திருந்தது. காற்றில் அவிழவில்லை. நாலாக மடித்து, எக்ஸ்கவேட்டர் சீட்டின் மேல் வைத்திருந்தது. குங்குமத்தை யாரோ தண்ணீர் தொட்டு, பொறுமையாகத் துடைத்திருந்தார்கள்.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாகம் வந்து பால் குடித்திருக்கிறது! துணிதான் அம்மனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நேராக பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, இதோ நமக்குக் கீழே இருக்கிற கடையில்தான், சிவப்புப் பட்டு வாங்கிக்கொண்டு போனார். அதுவும் மறுநாள் சீட்டின் மேல் இருந்தது. மடித்து...

முட்டை மட்டும் ஒவ்வொரு நாளும் காணாமல் போனது. ஒரு நாள் மெஷினுக்குப் பின்னால் எதற்கோ போனவர் கொஞ்சம் சாம்பலைப் பார்த்தார். சுள்ளி எரித்த சாம்பல். அதில் முட்டை ஓடு. கருகியிருந்தது.

"பாம்பு முட்டைய சுட்டா திங்கும்?" என்றான் ராஜன்.

அதைத்தான் அவரும் கேட்டிருக்க வேண்டும், தம்பி. பக்தி முற்றினால் நமக்குக் கண் தெரிவதில்லை. கேட்டில் இருக்கிற காவல்காரன் சுட்டுத் தின்றிருப்பான் என்று நினைத்தாராம். அந்தக் காவல்காரன் இருட்டிவிட்டால் அந்த மூலைப் பக்கமே வரமாட்டான். ஏன் வரமாட்டான் என்றும் இவர் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள்... வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தீப்பெட்டி நமத்துப்போய்க் குச்சி பற்றவில்லை. குனிந்து கிழிக்கிறார், கிழிக்கிறார்... திடீரென்று மரவள்ளிக்கிழங்கு சுடுகிற வாசனை. அந்த வெட்டவெளியில் அடுப்பேது? அப்படியே அசையாமல் இருந்தார். சர்ர்... சர்ர்... என்று ஒரு சத்தம். ஈரத் தலையைச் சீப்பால் இழுத்து வாரினால் கேட்குமே, அந்தச் சத்தம்.

நிமிர்ந்தார்.

எக்ஸ்கவேட்டரின் மண் அள்ளும் பக்கெட் தரையில் கவிழ்ந்திருந்தது. அதன் மேல் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயசு. முதுகு இவர் பக்கம். தலையை வாரிக்கொண்டே கேட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்காகப் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து பார்க்குமே, அப்படி.

மனுஷன் ஓடினாரா? இல்லை. சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே!" என்றார். அம்மன் குழந்தையாக வந்து காட்சி கொடுத்துவிட்டாள் என்று அழுதார். எழுந்து பார்த்தபோது பக்கெட்டின் மேல் யாரும் இல்லை.

இதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியுமா? அம்மன் கேட்டைப் பார்க்கிறாள் என்றால் பக்தர்கள் வரக் காத்திருக்கிறாள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். கிள்ளானிலிருந்து கூட்டாளிகளைக் கூட்டிவந்து நாலு கம்பு நட்டுத் தகரக் கூரை போட்டார். சூலம் வைத்தார். 'ஸ்ரீ நாகம்மாள் ஆலயம்' என்று போர்டு எழுதிக் கேட்டோரம் மாட்டினார். ஒரு நாள் சாயங்காலம் தாமரையையும் அழைத்துக்கொண்டு போனார்.

தாமரை கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். அவர் காரை ஓரங்கட்டிக்கொண்டிருக்க, இவள் முதலில் கேட்டுக்குள் நுழைந்தாள். பொழுது சாய்கிற நேரம், தலையில் முக்காடு மாதிரி துண்டு, தூறலுக்காகப் போட்டது. உள்ளே காலை வைத்ததும்... தப், தப், தப், தப்... ஈர மண்ணில் சின்னக் கால்கள் ஓடிவருகிற சத்தம். அவளை நோக்கி. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் வந்து, மேலே விழுகிற மாதிரி வந்து, டக்கென்று நின்றுவிட்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டதாம். அவள் முகத்தை அண்ணாந்து பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு அந்தக் கால்கள் திரும்பிப் போயின. மெல்ல... ஒவ்வொரு அடியாக.

தாமரை யுகேந்திரனிடம், "என்னங்க, இங்க இருக்கிறது சாமி மாதிரி தெரியல," என்று சொல்லியிருக்கிறாள். "ஒளறாத," என்றுவிட்டார்.

அன்றைக்குத்தான் அவர் அந்தக் காரியத்தையும் செய்தார். பழைய கிண்ணம் துருப்பிடித்திருக்கிறது, சீப்பு உடைந்திருக்கிறது, அம்மனுக்கு இதையா வைப்பது என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பித்தளைக் கிண்ணமும் சீப்பும் கண்ணாடியும் வைத்தார். பழையதை எங்கே போட்டார்? நாம் எங்கே போடுவோம்? சாமிக்கு வைத்ததைக் குப்பையிலா போடுவோம், ஓடுகிற தண்ணீரில்தானே விடுவோம். லங்காட் ஆற்றுக்குக் கொண்டுபோய், கும்பிட்டு, மரியாதையாக விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் மாலை அந்தக் குழந்தை உட்கார்ந்து தலை வாரவில்லை. மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. குனிந்து மண்ணைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. கூரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. திரும்ப முன்னால் வந்து பார்த்தது. யுகேந்திரன் தூரத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றார். அம்மன் விளையாடுகிறாள் என்று நினைத்தாராம்.

"அக்கா, அது யாரு?" என்றாள் வாணி. குரல் உள்ளே போயிருந்தது.

சொல்கிறேன்.

அந்த நிலம் ஓராங் அஸ்லி என்கிற பூர்வகுடி மக்களுடையது. அதில் தெமுவான் இனத்து ஆட்கள். நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்குவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறவர்கள். ஆனால் கிராண்ட், அதாவது நிலப்பட்டா, கிடையாது. தான் பிறந்த காட்டுக்கு யாராவது கிராண்ட் கேட்டு அலைவார்களா? நிலக் கணக்கு எழுதுகிறவர்கள் வந்தபோது வேறு பெயரில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு இவர்களைக் கிளப்பிக் கொண்டுபோய் ஃபிளாட்டில் வைத்தார்கள். இவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். நீங்கள் இங்கே வாழ்ந்ததற்கு என்ன அடையாளம் என்று கோர்ட் கேட்டது. வைத்த பழமரமும் புதைத்த குழியும்தான் அடையாளம், வேறென்ன இருக்கும் அவர்களிடம்? மரங்களை வெட்டியாகிவிட்டது. குழிகள் எல்லாம் லோரி கொட்டிய மண்ணுக்கு அடியில் போய்விட்டன. மூலையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

வாணி "ஐயோ" என்றாள்.

நீதிபதி இடத்தைப் பார்க்க வருகிற நாள் வந்தது. வக்கீல்கள், கம்பெனி ஆட்கள், கூடவே அந்தத் தெமுவான் கிராமத்து ஜனங்கள். அதுவரை அவர்களைக் கேட்டுக்குள் விட்டதே இல்லை. திறந்ததும் ஓர் அம்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். மெலிந்த உடம்பு, பழைய பூப்போட்ட பாத்தேக் கைலி, தலையில் ஒரு துண்டு. மாக் சேனா, அதாவது சேனா அம்மா, என்று கூப்பிட்டார்கள். நேராக அந்த மேட்டுக்கு வந்தவர், தகரக் கூரையையும் சூலத்தையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் மஞ்சள் பூசிய மண்ணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"என் மக. இடா. என் மக இங்கதான் படுத்திருக்கா," என்றார் மலாய் மொழியில்.

காய்ச்சலில் போன பிள்ளை. அங்கேயே அடக்கம் பண்ணி, அவள் சாப்பிட்ட கிண்ணத்தையும் தலை வாரிய சீப்பையும் முகம் பார்த்த கண்ணாடியையும் அவளுக்கென்று வைத்திருக்கிறார்கள். குழி மேட்டின் மேல் பிறகுதான் கறையான் புற்று கட்டியிருக்கிறது. தினம் பொழுது சாய்கிற நேரம் தாய் வந்து கிழங்கு சுட்டு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். கேட் போட்ட பிறகு வர முடியவில்லை. பிள்ளைக்குக் கேட்டைப் பற்றி என்ன தெரியும்? அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது.

கம்பெனி வக்கீல் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. போர்டைக் காட்டினார், சூலத்தைக் காட்டினார். இது இந்துக் கோயில், கல்லறை எங்கே என்று கேட்டார். சூப்பர்வைசர் குடை பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு அது என்ன மேடு என்று முதல் நாளே தெரியும்.

யுகேந்திரனைக் கூப்பிட்டார்கள்.

"இத கட்டினது யாரு?" என்றார் நீதிபதி.

"நாந்தான் சார். ஆனா கிண்ணம், சீப்பு எல்லாம் நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு சார். இந்த அம்மா சொல்றது நெசம். இது புதுசு, நான் வாங்கி வச்சது. அது பழசு..."

"பழசு எங்க?"

"ஆத்துல விட்டுட்டேன் சார்."

கம்பெனி ஆட்களில் யாரோ சிரித்தார்கள்.

"தோண்டிப் பாத்தா தெரிஞ்சிருக்குமே," என்றான் ராஜன். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

அந்த ஜனங்களின் வக்கீலும் தயங்கித் தயங்கி அதைத்தான் மாக் சேனாவிடம் கேட்டார். அந்த அம்மா மேட்டை விட்டு எழவே இல்லை. "தூங்குற பிள்ளைய எழுப்பி, இது செத்துப்போச்சு பாருங்கன்னு உங்களுக்குக் காட்டணுமா?" என்றார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். கொஞ்சம் தண்ணீர் கொடு, தம்பி.

வழக்கு தோற்றது. அதற்கு ஆயிரம் சட்டக் காரணம் இருந்திருக்கும், எனக்குத் தெரியாது. யுகேந்திரனுக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. "மத்தவன்லாம் மண்ணப் போட்டு மூடினான். நான் சாமிய வச்சு மூடிட்டேன்," என்று தாமரையிடம் சொல்லிச் சொல்லி அழுவார்.

தீர்ப்பு வந்த கையோடு, கோயிலுக்கும் பர்மிட் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. இடிக்கச் சொல்லி இவரைத்தான் முதலில் கேட்டார்கள். மெஷின் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஆனால் வருவதற்கு முன் ஒன்று செய்தார். கோயிலை இடம் மாற்றும்போது பிடிமண் எடுப்போம் இல்லையா? அந்த ஒரு பிடி மண்ணோடு சாமியும் கூட வரும் என்று நம்புகிறோம். அவருக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான். மேட்டிலிருந்து ஒரு பிடி மண்ணைச் செம்பில் அள்ளினார். "வாம்மா, போலாம்," என்று தமிழிலேயே கூப்பிட்டாராம்.

செம்போடு மாக் சேனாவின் ஃபிளாட்டுக்குப் போனார். அந்த அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன் என்பார் யுகேந்திரன். பிறகு அந்த அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மேலேயும் சிமெண்ட், கீழேயும் சிமெண்ட். மாடி வீடு. துணி காயப் போடக்கூட இடம் பற்றாது.

"உன் வீட்டுல மண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மாக். முன்னால கொஞ்சம். ஒரு கருவேப்பில மரம் நிக்குது."

"கிராண்ட் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அங்க வை. அங்கிருந்து அவள யாரும் கெளப்ப மாட்டாங்க."

கிள்ளானில், அந்தக் கருவேப்பிலை மரத்தடியில் மண்ணைப் புதைத்தார்கள். துணி கிடையாது, குங்குமம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாக் சேனா ரயில் ஏறி வருவார். பொழுது சாய்கிற நேரம் மரத்தடியில் உட்காருவார். தன் பாஷையில் என்னவோ பேசிக்கொண்டிருப்பார். தாமரை தேத்தண்ணி கலந்து கொடுப்பாள். மற்ற நாட்களில் அந்த நேரத்தில் கிழங்கு சுடுகிற வாசனை மட்டும் லேசாக வரும். முதலில் தாமரைக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு, வாசனை வராத நாளில்தான் அவளுக்குக் கவலையாக இருந்தது.

போன மழைக்காலத்தில் மாக் சேனா போய்விட்டார். தூக்கத்திலேயே. எங்கோ தள்ளி, வேறு ஊர்க்காரர்களின் இடுகாட்டில், கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஓர் ஓரத்தில் அடக்கம். பிள்ளை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். தாமரையும் யுகேந்திரனும் போய் மண் போட்டுவிட்டு வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தாமரை சமையலறையில் இருக்கிறாள். வெளிக் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம்... பழக்கதோஷம், "வாங்க மாக்," என்று குரல் கொடுத்துவிட்டாள். தேத்தண்ணியைக் கலந்து, கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

யாரும் இல்லை. கேட் பூட்டியபடியே இருந்தது. லேசான தூறல். மரத்தடியில் இருட்டு.

அந்த இருட்டிலிருந்து ஒரு குழந்தை சிரித்தது. டெங்கிலிலும் சரி, கிள்ளானிலும் சரி, ஒரு வார்த்தை பேசாத பிள்ளை... கலகலவென்று, மூச்சு முட்ட முட்டச் சிரித்தது.

"அம்மாவ பாத்துருச்சு," என்றாள் வாணி. மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்க முடியாமல் இருந்தாள். "நல்லதுதானே அக்கா. ரெண்டு பேரும் சேந்துட்டாங்க."

தாமரையும் அப்படித்தான் நினைத்தாள். கிளாஸும் கையுமாக நின்று, அழுதுகொண்டே அவளும் சிரித்திருக்கிறாள்.

அப்போதுதான் மாக் சேனாவின் குரல் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, மிக அடக்கமாக. மலாய் மொழியில்தான் சொன்னார், அதனால் தாமரைக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"மெல்ல சிரி, இடா. இது நம்ம எடம் இல்ல."